வீல்சேரில் விளையாட வரும் பிள்ளைக்கு: நாற்காலி, களம், பள்ளிக்கூடம்

வீல்சேர் பயன்படுத்தும் பிள்ளை விளையாட ஆசைப்பட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "படிப்பு என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் படிப்பையும் விளையாட்டையும் கெடுப்பவை பெரும்பாலும் ஒரே காரணங்கள்தான்: உடம்புக்குப் பொருந்தாத நாற்காலி, வலிக்கும் தோள், குடிக்காமல் விட்ட தண்ணீர், யாரும் பார்க்காமல் விட்ட தோல். பிட்டத்தில் ஒரு படுக்கைப்புண் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பள்ளியும் போச்சு, பயிற்சியும் போச்சு. இந்த நான்கையும் ஒழுங்குசெய்தால் இரண்டுக்கும் நேரம் கிடைக்கும். கீழே உள்ளவை காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளையும் தெருக்களையும் மனதில் வைத்து, 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக எழுதியவை.

முதலில் நாற்காலி

முகாமில் கிடைக்கும் இரும்பு நாற்காலி 17 முதல் 20 கிலோ இருக்கும். அது ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொருவர் தள்ளுவதற்குச் செய்தது. பிள்ளை தானே தள்ளும் நாற்காலி 10 முதல் 13 கிலோவுக்குள் இருந்தால் நல்லது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி 2021-ல் வெளிவந்த 'நியோஃப்ளை' போன்றவை உடல் அளவு எடுத்துச் செய்யப்படுபவை. புதிது வாங்க முடியாவிட்டாலும், இருக்கும் நாற்காலியை அளந்து சரிசெய்தாலே பாதி பிரச்சினை தீரும்.

பிள்ளையை நேராக உட்காரவைத்து, தையல்காரர் டேப்பால் அளக்கவும். இருக்கையின் அகலம் இடுப்பு அகலத்தைவிட 2 செ.மீ.க்கு மேல் கூடக்கூடாது. "வளரும் பிள்ளை, கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்று வாங்குவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. அகலம் கூடினால் கை வெளிப்பக்கம் விரிந்துதான் சக்கரத்தைத் தொடும்; தோள்பட்டை ஒவ்வொரு தள்ளலிலும் உரசும்; முதுகும் ஒருபக்கம் சாயும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போகும் இடைவெளி வேண்டும். கால்பலகை தரையிலிருந்து 5 செ.மீ. மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் வேகத்தடையில் இடிக்கும்.

அடுத்தது சக்கரத்தின் உயரம். ரிம்மின் (கையால் தள்ளும் வெளிவளையத்தின்) உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரி வரை மடங்கவேண்டும். கை நீட்டித் தொட வேண்டியிருந்தால் இருக்கை அதிக உயரம். முழங்கை ஒடுங்கினால் அதிகத் தாழ்வு. ஆக்சிலை (பின்சக்கர அச்சை) முன்னால் நகர்த்த முடிகிற நாற்காலியாக இருந்தால் ஒரு துளை மட்டும் முன்னே நகர்த்திப் பாருங்கள். தள்ளுவது லேசாகும், திரும்புவதும் சுலபம். ஆனால் பின்பக்கம் கவிழும் அபாயமும் கூடும். பின்னால் கவிழாமல் தாங்கும் சின்ன சக்கரங்களை மாட்டாமல் இதைச் செய்ய வேண்டாம். பள்ளிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் சரிவில் ஏறும்போது அதே விபத்துதான் நடக்கும். பை இருக்கைக்கு அடியில் போகட்டும்.

கருவேல முள்ளும் டயரும்

சிவகங்கைச் சீமையில் வீல்சேர் ஓட்டுபவருக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள், அடுத்தது நெருஞ்சி. பின்சக்கரத்தின் டியூப் வாரம் ஒருமுறை போவது சாதாரணம். பங்க்சர் ஒட்டிய மறுநாளே திரும்பவும் காற்று இறங்குகிறது என்றால் கடைக்காரரைக் குறைசொல்ல வேண்டாம். முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கிறது. விரலால் தடவினால் அகப்படாது, அகப்பட்டாலும் குத்தும். ஒரு உருண்டைப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக ஓட்டுங்கள். எங்கே பஞ்சிழை மாட்டி இழுக்கிறதோ அங்கே முள் இருக்கிறது. டயரை அந்த இடத்தில் மடக்கிப் பிடித்து, ட்வீசரால் உள்பக்கமிருந்து இழுத்து எடுக்கவும். டயரின் அகலத்துக்குப் பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் விரித்துப் போட்டால் சிறு முள் உள்ளே வராது. எடை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

டயர் வாங்கும்போது '24 × 1⅜' என்ற அங்குலக் கணக்கை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அதே அங்குலத்தில் இரண்டு அளவுகள் உண்டு. வீல்சேர் டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் 37-540 என்று இருக்கும். சைக்கிளுக்கு வரும் சில டயர்களில் கடைசி எண் 547. 7 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் சக்கரத்தின் ரிம்மில் உட்காராது. பழைய டயரின் எண்ணைப் போட்டோ எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

காற்று எவ்வளவு என்பதும் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வாரம் ஒருமுறை நிரப்பவும். காற்று குறைந்தால் தள்ளுவது கனக்கும் என்பது தெரிந்ததே. பிரேக்கும் பிடிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீல்சேர் பிரேக் டயரை அழுத்தித்தான் நிறுத்துகிறது. டயர் தொளதொளத்தால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நாற்காலி நழுவும். முன் சின்னச் சக்கரங்களின் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும். மாதம் ஒருமுறை அச்சைக் கழற்றி எடுக்கவும். மூடிய பேரிங்கில் எண்ணெய் விட வேண்டாம். செம்மண் தூசி ஒட்டிப் பசையாகிவிடும்.

எங்கே ஓட்டிப் பழகுவது

நம் பெரிய வீடுகளின் முகப்பில் படியும் திண்ணையும் இருக்கும், நிலைப்படியும் உயரம். பல வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீள்பவை. பின்வாசல் தாழ்வாக இருந்தால் சாய்தளத்தை அங்கே போடுவதே சுலபம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு: 30 செ.மீ. உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளம். இதைவிடச் செங்குத்தாகப் போட்டால் பிள்ளை தானாக ஏறமுடியாது, இன்னொருவர் தள்ளவேண்டிவரும். உள்ளே வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அது அருமையான பயிற்சித் தளம். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீர் பட்டாலோ எண்ணெய் தேய்த்த அன்றோ அதில் இறங்க வேண்டாம்.

வெளியே முதல் மாதம் சிமெண்டு மைதானம் அல்லது போக்குவரத்து இல்லாத தார்ச்சாலை போதும். சரளையிலும் மணலிலும் முன்சக்கரம் புதைந்து பிள்ளை முன்னால் விழும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது; சிறப்புக் கல்வித் துறையும் அங்கே உண்டு. தலைமை ஆசிரியரின் கடிதத்தோடு போய், மைதானத்தைக் காலை நேரத்தில் பயன்படுத்தவும் பயிற்சி மாணவர்களின் உதவிக்கும் அனுமதி கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்பதைவிட எழுதிக் கேட்டால் வேலை நடக்கும்.

முதல் 12 வாரம்

வாரம் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம். முதலில் தள்ளும் முறை. கையை ரிம்மின் உச்சிக்குச் சற்றுப் பின்னால், கடிகார முள் 11-ல் நிற்கும் இடத்தில் வைத்து, 2 வரை நீளமாகத் தள்ளி விடவேண்டும். விட்ட கை ரிம்முக்குக் கீழே தளர்ந்து தொங்கிப் பின்னால் வரட்டும். படபடவென்று சின்னச்சின்னதாகத் தட்டுவது வேகம் மாதிரித் தெரியும், தோளைத்தான் தின்னும்.

சாக்பீஸால் 20 மீட்டர் குறித்து, அதைக் கடக்க எத்தனை தள்ளல் ஆகிறது என்று எண்ணுங்கள். நேரத்தைப் பார்க்க வேண்டாம். எண்ணிக்கையைக் குறைப்பதுதான் முதல் நான்கு வாரத்தின் வேலை. அதன்பின் 50 மீட்டர் ஓட்டம் 6 முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. எட்டாம் வாரத்தில் 8 முறை. மொத்தத் தூரத்தை ஒரு வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்ட வேண்டாம். நிறுத்துவதும் திரும்புவதும் பின்னோக்கி வருவதும் தினம் ஐந்து நிமிடம்.

தோள்தான் இந்தப் பிள்ளைக்குக் காலும் கையும். நாள் முழுக்க முன்னோக்கித் தள்ளுவதால் நெஞ்சுத்தசை இறுகி, பின்தோள் பலவீனமாகும். ஒரு தள்ளும் பயிற்சிக்கு இரண்டு இழுக்கும் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வளவுத் தூணில் எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி இழுப்பது 12 முறை, 3 சுற்று. பிறகு முழங்கையை விலாவிலேயே வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது 12 முறை, 3 சுற்று. தோளின் முன்பக்கம் குத்துகிறது என்று பிள்ளை சொன்னால் அன்று நிறுத்துங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். மற்றப் பிள்ளைகள் தோள் வலித்தால் நடந்து பள்ளிக்குப் போகலாம், இந்தப் பிள்ளை போகமுடியாது.

முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளில் பலருக்கு லேட்டக்ஸ் ஒவ்வாமை இருக்கும். எலாஸ்டிக் பட்டை, பலூன், ரப்பர் கையுறை எல்லாம் லேட்டக்ஸ் இல்லாததாகப் பார்த்து வாங்கவும்.

வெயில், தண்ணீர், தோல்

பங்குனி பிறந்தால் காலை 7 மணிக்குமேல் வெளிப்பயிற்சி வேண்டாம். தண்டுவடத்தில் மேல்முதுகு, கழுத்துப் பகுதியில் அடிபட்ட பிள்ளைக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு சூடேறுவது வெளியே தெரியாது. பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்து, முகம், கழுத்து, கையில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அடியுங்கள். இதே பிள்ளைகளுக்குத் திடீரென்று மண்டையிடி, முகம் சிவந்து வியர்ப்பது என்று வந்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள். படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

பள்ளியில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறையப் பேர். அதன் விலை சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், வாரக்கணக்கில் விடுப்பு. வேகம் பற்றிப் பேசுவதற்குமுன் கழிப்பறையைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்: கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், அகலம் 80 செ.மீ.க்குக் குறையக்கூடாது, சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும். குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைக்கு நேரம் தவறக்கூடாது; டாக்டர் சொன்ன இடைவெளியை இடைவேளை மணியோடு பொருத்தி வகுப்பாசிரியரிடம் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

உட்கார்ந்தே இருக்கும் பிட்டத்துக்கு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். பாடவேளை மணி அடிக்கும்போது ஒருமுறை, பாடத்தின் நடுவில் ஒருமுறை: நெஞ்சு தொடையைத் தொடும்படி முன்னால் குனிந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கட்டும். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவதைவிட இதுவே தோளுக்கு நல்லது. இரவு கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் மறையும்வரை அந்த இடத்தில் உட்காரக்கூடாது. மறுநாள் போட்டி இருந்தாலும் சரி.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. பயிற்சிக்குமுன் உப்புப் போட்ட நீராகாரம், முடிந்ததும் உளுந்து மாவில் கிண்டிய கும்மாயமோ முட்டையோ. கால் அசையாத உடம்பு குறைவாகவே எரிக்கும். இரவில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டினால் எடை ஏறாது. எடை ஏறினால் அதையும் அதே தோள்தான் தள்ளவேண்டும்.

எந்த விளையாட்டு?

எங்கள் கருத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு முதல் படி, உட்கார்ந்து எறியும் போட்டிகள்: குண்டு, வட்டு, ஈட்டி, கையில் பிடிமானம் குறைந்தவர்களுக்குக் கிளப் (எறிவதற்கான சிறு மரக்கட்டை). ஓட்டத்துக்கான மூன்று சக்கர நாற்காலி இறக்குமதி, விலை லட்சக்கணக்கில். எறிவதற்கான சட்டகத்தைக் காரைக்குடி வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தீபா மாலிக் எஃப்53 (எறிபவரின் உடல்நிலையைக் குறிக்கும் வகைப்பாட்டு எண்) பிரிவுக் குண்டெறிதலில் வெள்ளி வாங்கினார். 2024 பாரிஸில் தரம்பீர் எஃப்51 கிளப் எறிதலில் தங்கம். இருவரும் உட்கார்ந்து எறிந்தவர்கள்.

சட்டகத்தின் அளவு: மெத்தையையும் சேர்த்துத் தரையிலிருந்து 75 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. இருக்கை சதுரமாகவோ செவ்வகமாகவோ, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 செ.மீ. பிடித்துக்கொள்ளும் கம்பி நேராக, வளைவில்லாமல், உருண்டையாகவோ சதுரமாகவோ இருக்கவேண்டும். எறியும்போது சட்டகத்தில் எதுவும் அசையக்கூடாது. பட்டறைக்காரர் வழக்கமாகச் செய்யும் தவறு, மெத்தையை மறந்து இருக்கையை 75-க்கே வைத்துவிடுவது. அளவு பார்க்கும் மேசையில் நிராகரித்துவிடுவார்கள். 68-ல் நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் தரையில் இழுத்துக் கட்ட வளையம் வைக்கவும். பிள்ளையின் பிட்டம் எறியும்போது இருக்கையைவிட்டு எழும்பினால் அந்த எறிதல் செல்லாது. தொடையின் மேல் பட்டை போட்டே பழக்குங்கள்.

ஓட்டத்தில் கால்வைக்கத் துணிந்தால்: முன்சக்கரம் அதிகபட்சம் 50 செ.மீ., பின்சக்கரம் காற்றடைத்து 70 செ.மீ., கியர் கூடாது, 800 மீட்டரிலிருந்து ஹெல்மெட் கட்டாயம். ரிம்மைப் பிடிப்பதில்லை, கையுறையால் குத்தித் தள்ளுவார்கள். கூடைப்பந்தும் நல்ல விளையாட்டு. இந்திய வீல்சேர் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2014-ல் மாதவி லதா சென்னையில் தொடங்கியது. ஆனால் ஐந்து பேர் சேரவேண்டும். அதுவரை இரண்டு தள்ளலுக்கு ஒருமுறை பந்தைத் தட்டும் விதியைச் சிமெண்டுத் தரையில் பழகலாம்.

வகைப்பாடு என்ற மருத்துவப் பரிசோதனையில்தான் பிள்ளை எந்தப் பிரிவு என்று முடிவாகும். அடையாள அட்டையில் உள்ள சதவீதம் வேறு, இது வேறு. 80 சதவீதம் என்பதால் பிரிவு தானாகக் கிடைத்துவிடாது. நோய் என்ன என்ற மருத்துவர் அறிக்கை, பழைய ஸ்கேன், பிள்ளை பயன்படுத்தும் பட்டைகள், சட்டகம் எல்லாவற்றையும் கொண்டுபோகவும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப்பிரிவு உண்டு. மாவட்ட அளவில் தொடங்க நல்ல இடம். கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி பக்கம் புதுக்கோட்டை. விண்ணப்பத்தை மாவட்டம் மாற்றிக் கொடுத்துவிட்டுத் தேதி போனபின் வருந்துகிறார்கள்.

பள்ளிக்கூடம்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதமோ அதற்குமேலோ பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. விளையாட்டில் பங்கேற்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே பி.டி. பீரியடில் பிள்ளையை வகுப்பில் உட்காரவைத்து நோட்டு எழுதச் சொல்வது சரியல்ல. அந்த 40 நிமிடம் தூணில் கட்டிய பட்டைப் பயிற்சிக்கு அல்லது பந்துக்குப் போகட்டும்.

வகுப்பு தரைத்தளத்தில் இருக்கவேண்டும். நீளப் பெஞ்சு உதவாது. தனி மேசை, அடியில் முழங்கால் நுழைய 70 செ.மீ. உயரம். தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். தாழ்ந்த மேசையில் குனிந்து எழுதும் பிள்ளைக்குக் கழுத்தும் தோளும் மாலைப் பயிற்சிக்கு முன்பே களைத்துப்போகும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். உபகரண முகாம் எப்போது என்று கேட்டு வையுங்கள்.

பயிற்சி நாளில் நீளமாக எழுதும் மாதிரித் தேர்வை வைக்க வேண்டாம். ரிம் தள்ளிய விரல்கள் இறுகியிருக்கும், கையெழுத்து கெடும், பிள்ளை தனக்குப் பாடம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அன்று வாசிப்பும் மனப்பாடமும். எழுதுவது ஓய்வு நாளில். பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிலிருந்து பயிற்சித் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். முழுவதும் நிறுத்தினால் தூக்கமும் கெடும், திரும்பத் தொடங்கும்போது தோளும் வலிக்கும்.

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், தரைத்தள இருக்கை ஆகிய சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கவேண்டும். பள்ளி திறந்த மாதமே பேச்சைத் தொடங்குங்கள். கை நன்றாக இயங்கும் பிள்ளைக்கு எழுதுபவர் வேண்டாம், நேரம் போதும். எழுதுபவர் தேவைப்படும் பிள்ளை காலாண்டிலிருந்தே வாயால் சொல்லிப் பழகவேண்டும். கணக்கில் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் சொல்வது தனிப் பழக்கம்.

போட்டிக்கு வெளியூர் போகும்போது வண்டியில் ஏற்றுவதற்குள் எண்ணிப் பார்க்கவேண்டியவை: டியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்ப், ஆலன் கீ, டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சு, ஸ்ப்ரே பாட்டில், மெத்தைக்கு மாற்று உறை, சிறுநீர்க் குழாய்கள் தேவைக்கு இருமடங்கு, அடையாள அட்டையின் நகல் மூன்று. ஆட்டோவில் சக்கரத்தைக் கழற்றி ஏற்றினால், மெத்தையை மட்டும் பிள்ளையின் அடியிலேயே வையுங்கள். ஆட்டோ சீட்டின் இரும்பு விளிம்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே தோல் சிவந்துவிடும்.